அண்ணாமலை அடிவாரத்து விந்தைகள்



விந்தைச் செய்தி ஒன்றைக் கேட்டு விரியாத கண் இல்லை. "நாட்டிலேயே உயர்ந்தது", "உலகிலேயே பழையது", "ஒருவரும் அறியாதது" என்று ஆசிரியர் தொடங்கினால் போதும்; கடைசிப் பலகையில் உறங்கும் மாணவனும் நிமிர்ந்து உட்காருவான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் ஆதலால், இந்த மந்திரத்தை நானும் பலமுறை கையாண்டிருக்கிறேன். இன்றும் அத்தகைய விந்தைகள் சிலவற்றையே உங்களுக்குக் கூறப் போகிறேன். அனைத்தும் என் ஊராகிய திருவண்ணாமலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தவை. ஆனால், அவற்றைத் தொடங்குமுன் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த நாளில், தமிழ்நாட்டுக் கோபுரங்களுள் உயர்ந்தது எங்கள் அண்ணாமலையார் கோயிலின் கிழக்குக் கோபுரமே என்று கற்பித்தேன். விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைக்க, தஞ்சை செவ்வப்ப நாயக்கரின் முயற்சியால் நிறைவெய்திய கோபுரம் அது. 11 நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. நான் கூறியது அன்று உண்மையே. ஆனால் 1987ஆம் ஆண்டில், ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்ற திருவரங்கத்துத் தெற்குக் கோபுரம் கட்டி முடிக்கப்பெற்றது. அதற்கு 13 நிலைகள். உயரம் 236 அடி. அச்செய்தியை நாளிதழில் நானும் படித்தேன், மகிழ்ந்தேன். ஆனால் என் பாடக்குறிப்பேட்டைத் திருத்தவில்லை. நாவுக்குப் பழகிய வாக்கியம் நாவிலேயே தங்கிவிட்டது.

சில ஆண்டுகள் கழித்து, என் மாணவன் ஒருவன் வெளியூரில் நடந்த வினாடி வினாப் போட்டிக்குச் சென்றான். இறுதிச் சுற்றில் அவனிடம் அதே வினா வந்தது. அவன் தயங்காமல் விடை கூறினான், தோற்றான். மறுநாள் என்னிடம் வந்து, "ஐயா, நீங்கள் சொன்னதைத்தானே சொன்னேன்!" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, வியப்பே இருந்தது. ஆசிரியர் சொன்னது தவறாக இருக்கக்கூடும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று முதல், எந்த விந்தைச் செய்தியைக் கேட்டாலும் அதனிடம் மூன்று வினாக்களைக் கேட்கும் வழக்கத்தை மேற்கொண்டேன். இதற்குச் சான்று யாது? இது எந்தக் காலத்தில் உண்மை? இதை அளந்து பார்க்க இயலுமா? இம்மூன்றையும் கையில் கொண்டு, வாருங்கள், எங்கள் ஊரைச் சுற்றி வருவோம்.

முதலில் மலை. இது நெருப்பு உருவான மலை என்று புராணம் கூறும். அதைக் கேட்ட சிலர், "அப்படியானால் இஃது அவிந்துபோன எரிமலையாக இருக்க வேண்டும்" என்று தாமே முடிவு கட்டிவிடுகின்றனர். இம்முடிவுக்குச் சான்று உண்டா? இல்லை. எரிமலை கக்கிய குழம்பு குவிந்து உண்டான மலை அன்று இது. வடதமிழ்நாட்டின் பாறைகள் பெரும்பாலும் நிலத்தின் மேல் தோன்றியவை அல்ல. பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருப்பெற்றவை. அவற்றின் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு என்பர் நிலநூலார். மேலே மூடியிருந்த மண்ணும் கல்லும் மழையாலும் காற்றாலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் கரைந்து போன பின்னரே அவை வெயிலைக் கண்டன. எரிமலை என்னும் பொய்யான விந்தையைக் கைவிட்டோம். அதனினும் பெரிய மெய்யான விந்தை நம் கைக்கு வந்தது. அன்றோ?

இப்பாறை வகைகளுள் ஒன்றுக்குச் 'சார்னோகைட்' என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையும் சுவையானது. கல்கத்தாவில் 1693ஆம் ஆண்டில் இறந்த ஜாப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறைக்கு நம் சென்னைப் பக்கத்துக் கருங்கல் கொண்டுசெல்லப்பட்டது. இரு நூற்றாண்டுகள் கழித்து, 1893ஆம் ஆண்டில், தாமஸ் ஹாலண்டு என்னும் நிலநூல் அறிஞர் அப்பாறை வகைக்கு அவ்வணிகரின் பெயரையே சூட்டினார். கல்கத்தா நகரைத் தோற்றுவித்தவரின் கல்லறைக் கல் ஆயிற்றே என்பது அவர் எண்ணம். ஆனால் 2003ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம், அந்நகரைத் தோற்றுவித்தவர் என்று சார்னாக்கைக் கொள்ளலாகாது என்று தீர்ப்பளித்தது. காரணம் ஆட்டங்கண்டது, பெயரோ நிலைத்துவிட்டது! தமிழ்நாட்டுக் கல், வங்காளத்துக் கல்லறையில் கிடந்து, ஆங்கிலப் பெயர் பெற்று, உலக நூல்களில் எல்லாம் உலவுகிறது.

அடுத்து, மலைமேல் ஏற்றும் விளக்கு. கார்த்திகைத் தீபம் எவ்வளவு தொலைவுக்குத் தெரியும்? "சென்னைக் கடற்கரையிலிருந்து என் பாட்டனார் பார்த்தாராம்" என்று என் வகுப்பில் ஒரு சிறுவன் கூறினான். வகுப்பு முழுவதும் வாய் பிளந்தது. நான் அவனை மறுக்கவில்லை. "வா தம்பி, கணக்கிட்டுப் பார்ப்போம்" என்று கரும்பலகைக்கு அழைத்தேன்.

பூமி உருண்டை. ஆதலால் எவ்வளவு பெரிய ஒளியும் ஒரு தொலைவுக்கு அப்பால் நிலத்தின் வளைவில் மறைந்துவிடும். அத்தொலைவை அறிய எளிய வழி உண்டு. உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, 3.57ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். அண்ணாமலையின் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 2,668 அடி. அஃதாவது ஏறத்தாழ 814 மீட்டர். அதன் வர்க்கமூலம் 28.5. பெருக்கினால் 102 கிலோமீட்டர் அளவு வரும். சென்னையோ நேர்க்கோட்டில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடற்கரை மணலில் நின்றவர் கண்டிருக்க முடியாது. காற்றில் வளையும் ஒளியைக் கருதிச் சிறிது கூட்டிக்கொண்டாலும் கணக்கு எட்டாது. மூடுபனியும் நகர விளக்குகளும் இந்தத் தொலைவை மேலும் குறைக்குமேயன்றிக் கூட்டா.

அச்சிறுவனின் முகம் வாடியது. அவனுடைய பாட்டனார் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. எங்கோ கண்ட விளக்கை எங்கோ கண்டதாக நினைவு மாற்றி வைத்திருக்கும். நினைவுக்கு அந்த இயல்பு உண்டு. அதனால் அவனுக்கு வேறொரு விந்தையைக் கொடுத்தேன். அதை உங்களுக்கும் கொடுக்கிறேன்.

கார்த்திகை என்பது வானத்தில் உள்ள விண்மீன் கூட்டத்தின் பெயர். வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்கள் எளிதிற் புலப்படுவதால், சங்கச் சான்றோர் அதை 'அறுமீன்' என்றனர். கிரேக்கரோ ஏழு உடன்பிறந்த மங்கையர் என்று கதை கட்டினர். தீபத் திருநாளில் முழுநிலவு அக்கூட்டத்தின் அருகே நிற்கும். நிலவொளியில் மீன்கள் மங்கித் தோன்றும். ஆனால் மலைமேல் விளக்கு 11 நாட்கள் எரிகிறது. ஆறேழு நாள் கழித்து, நிலவு எழுவதற்கு முன், முன்னிரவில் கிழக்கு வானை நோக்குங்கள். மலையுச்சியில் ஒரு கார்த்திகை. விண்ணில் ஒரு கார்த்திகை. ஒளி ஒரு நொடியில் மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடுவது. அவ்வளவு விரைந்து ஓடும் ஒளிக்கும் அந்த மீன்களிலிருந்து நம் கண்ணை அடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகின்றன. இன்றிரவு நீங்கள் காணும் ஒளி, பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புறப்பட்டது. கிழக்குக் கோபுரத்தின் வேலை முடிந்த தலைமுறை அது. கோபுரத்துக்குக் கலசம் வைத்தவர்கள் அண்ணாந்து பார்த்திருந்தால், அவர்கள் கண்ணில் பட்டது அதற்கும் 440 ஆண்டுகள் முந்திய ஒளி. சிறுவனின் முகம் மலர்ந்தது.

இனி ஒரு நாயின் வரலாறு. செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் பல உண்டு. போரிலோ, ஆநிரை மீட்பதிலோ உயிர் நீத்த வீரனுக்கு அவன் உருவமும் பெயரும் பொறித்து நட்ட கற்கள் அவை. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுதியை வெளியிட்டு, அக்கற்களின் பெருமையை உலகறியச் செய்தது. அவற்றுள் எடுத்தனூர் என்னும் சிற்றூரில் உள்ள கல் ஒன்று தனிச் சிறப்புடையது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்ட கல் அது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்டான் என்று எழுத்துகள் சொல்கின்றன. வீரனுக்குப் பின்னே ஒரு நாய் நிற்கிறது. அந்த நாய்க்கும் தனியே எழுத்துப் பொறிப்பு உண்டு. அதன் பெயர் கோவிவன். அது கள்ளரைக் கடித்துத் தன் தலைவனருகே காத்து நின்றது என்பது செய்தி.

சப்பான் நாட்டில் ஹச்சிகோ என்ற நாய், இறந்துபோன தன் தலைவரை எதிர்நோக்கி இரயில் நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததையும், 1934ஆம் ஆண்டில் அதற்குச் சிலை எடுத்ததையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அது பெருமைக்குரியதே. ஆனால் அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் ஊர்ப்பக்கத்து உழவரும் ஆயரும் ஒரு நாயின் நன்றியைக் கல்லில் எழுதினர். எத்தனையோ சிற்றரசர்களின் பெயர்கள் அழிந்தொழிந்தன. கோவிவன் பெயர் அழியவில்லை. இதற்குச் சான்று யாது என்று கேட்டால், கல்லையே காட்டலாம். இதுவன்றோ கலப்பில்லாத விந்தை!

ஆனால், இரண்டு சான்றுகள் ஒன்றோடொன்று மாறுபட்டு நின்றால் என் செய்வது? அதற்கும் எங்கள் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு.

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாடு நிலைகலங்கியது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் துவாரசமுத்திரத்திலிருந்து ஆண்டவன். 1311ஆம் ஆண்டில் தில்லிப் படை மாலிக்காபூரின் தலைமையில் வந்து அவன் தலைநகரைத் தாக்கியது. பிற்காலத்தில் அவன் திருவண்ணாமலையைத் தன் அரசிருக்கைகளுள் ஒன்றாகக் கொண்டான். கோயிலில் உள்ள வல்லாள கோபுரம் இன்றும் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. முதுமையிலும் வாளை உறையிலிடாமல் மதுரைச் சுல்தானோடு போர் தொடுத்தான். 1342ஆம் ஆண்டையொட்டிக் கண்ணனூர்ப் போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அப்போது அவன் எண்பது வயது முதியவன் என்றும், அவன் உடலின் தோல் மதுரை மதிற்சுவரில் தொங்கவிடப்பட்டிருந்ததைத் தானே கண்டதாகவும் மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா எழுதியுள்ளார். கேட்கக் கொடிய செய்திதான். ஆயினும் கண்டவர் கூற்று.

இஃது ஒரு சான்று. மற்றொரு சான்றை எங்கள் கோயில் விழாவில் காணலாம். வல்லாளனுக்கு மகப்பேறு இல்லை என்றும், இறைவனே அவனுக்கு மகனானான் என்றும் அருணாசல புராணம் கூறுகிறது. தைப்பூசத்தன்று ஈசானியக் குளத்தில் தீர்த்தவாரி நடக்கும். அங்கே இறைவனுக்கு வல்லாளன் போரில் மடிந்த செய்தி எட்டுகிறது. அதன்பின் மேளம் இல்லை, தாளம் இல்லை. சாமி ஓசையின்றிக் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் இறைவன் மகனாக நின்று வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். இளம்பருவத்தில் அந்த மேளமற்ற ஊர்வலத்தின் பின்னே நான் நடந்திருக்கிறேன். பேச்சொலி அடங்கிய தெருவில் கேட்ட காலடி ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

வல்லாளனுக்கு மகன் இல்லை என்பது மெய்யா? வரலாற்று நூல்கள் வேறு கூறுகின்றன. அவனுக்குப் பின் அவன் மகன் விருபாட்ச வல்லாளன், நான்காம் வல்லாளன் என்னும் பெயரோடு முடி சூடினான். அவன் ஆட்சி 1346ஆம் ஆண்டையொட்டி முடிவுற்றது. அவனோடு போசளர் குலத்தின் ஆட்சியும் மறைந்தது.

இதை முதன்முதல் படித்த நாளில் நான் சற்றுக் கலங்கினேன். விழா பொய்யா? சிறுவயதில் கண்கலங்கி நடந்தது வீணா? நெடுநாள் எண்ணிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். அதை முடிந்த முடிபாக அல்ல, என் கருத்தாகவே கூறுகிறேன். மகன் பிறந்தானா என்பது ஆவணத்துக்கு உரிய வினா. அதற்கு ஆவணமே விடை கூற வேண்டும். ஆனால் அந்த மகனும் சில ஆண்டுகளில் மறைந்து, குலத்தின் ஆட்சியும் அற்றுப்போன பின், தங்கள் ஊரில் இருந்து ஆண்ட முதியவனுக்கு ஆண்டுதோறும் நீர்க்கடன் செய்வார் யார்? அந்த இடத்தில் ஊர் தன் இறைவனையே கொண்டுவந்து நிறுத்தியது. வரலாறு நடந்ததைக் கூறுகிறது; விழா, நடந்தது மக்கள் நெஞ்சில் எவ்வாறு தங்கியது என்பதைக் கூறுகிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் வேண்டா. ஆனால் தேர்வுத்தாளில், வல்லாளனுக்கு மகன் உண்டு என்றே எழுதுங்கள்.

இறுதியாக ஒரு பெயர் விந்தை. நான் கல்லூரியில் பயின்ற நாளில், முதல் மைசூர்ப் போரைப் பற்றி ஆங்கில நூலில் படித்தேன். 1767ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் 'சங்கமா' என்னும் இடத்தில் ஆங்கிலேயத் தளபதி கர்னல் ஜோசப் ஸ்மித் ஹைதர் அலியின் படையோடு பொருதார் என்றும், அதே மாத இறுதியில் 'திரினோமலி' என்னும் இடத்தில் ஹைதரும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து நடத்திய படையை எதிர்த்து வென்றார் என்றும் அதில் இருந்தது. இவ்வூர்கள் எங்கோ மைசூர் நாட்டில் உள்ளன என்று எண்ணி, மனப்பாடம் செய்து, தேர்வும் எழுதிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்தே உண்மை விளங்கியது. 'திரினோமலி' என்பது நான் பிறந்த திருவண்ணாமலை! 'சங்கமா' என்பது 20 கல் தொலைவில் உள்ள செங்கம்! நான் ஆடு விரட்டி விளையாடிய வெளியில் பீரங்கி முழங்கியதை, நானே வேற்றூர்ச் செய்தியாகப் படித்திருக்கிறேன்.

இதனுள் இன்னொரு விந்தையும் உண்டு. பத்துப்பாட்டுள் இறுதியான மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது. அதன் பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா. அதுவே இன்றைய செங்கம். தமிழர் நாவில் தேய்ந்துபோன அந்த ஈற்று 'மா', அயலார் சிதைத்து எழுதிய 'சங்கமா'வில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கருத இடமுண்டு. சிதைவிலும் ஒரு சான்று ஒளிந்திருக்கும் என்பதை அன்று கற்றேன்.

மாணவ நண்பர்களே, ஊரைச் சுற்றி வந்துவிட்டோம். புறப்பட்ட இடத்துக்கே திரும்புவோம். என் மாணவனைத் தோற்கச் செய்த அந்த வாக்கியத்தை நான் தூக்கி எறிந்துவிடவில்லை, திருத்திக்கொண்டேன். "1987ஆம் ஆண்டு திருவரங்கத்துக் கோபுரம் எழும் வரையில், தமிழ்நாட்டில் உயர்ந்து நின்ற கோபுரம் திருவண்ணாமலைக் கிழக்குக் கோபுரம்" என்று பிற்காலத்தில் கற்பித்தேன். ஓர் ஆண்டைச் சேர்த்தவுடன், பழுதுபட்ட செய்தி மீண்டும் மெய்யாகிவிட்டது. இனி எத்தனை கோபுரங்கள் எழுந்தாலும் அது பொய்க்காது.

ஆதலின், விந்தைகளைக் கண்டு வியப்பதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். வியப்பில்லாத கல்வி உப்பில்லாத உணவு. ஆனால் வியந்த மறுகணமே சான்றைக் கேளுங்கள், காலத்தைக் கேளுங்கள், இயன்றால் அளந்து பாருங்கள். சொன்னவர் உங்கள் ஆசிரியராக இருந்தாலும், வானொலியில் பேசும் இந்த முதியவனாக இருந்தாலும் கேளுங்கள். பணிவோடு கேட்கும் வினா ஆசிரியரை இழிவுபடுத்தாது. என் மாணவன் போட்டிக்குப் போகுமுன் அவ்வினாவைக் கேட்டிருந்தால், தவற்றிலிருந்து நானும் அன்றே தப்பியிருப்பேன்.

உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வயல்வரப்பிலோ எழுத்துப் பொறித்த கல் ஒன்று சாய்ந்து கிடக்கலாம். வரும் விடுமுறையில் சென்று பாருங்கள். அதன்மேல் சுண்ணாம்பு பூசாமல், கத்தி தீட்டாமல் காப்பாற்றுங்கள். படிக்கத் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். இன்னொரு கோவிவன் அங்கே தன் பெயரைச் சொல்லக் காத்துக்கொண்டிருக்கலாம்.